போர்டார் சிலைக்கு ஒரு துணி

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலை, ஆலவயல் கடைத்தெருவில் இருந்த தலைவர்கள் சிலைகளுக்கெல்லாம் துணி சுற்றிக் கட்டினார்கள். போர்டார் வீரையன் சிலைக்கு மட்டும் கட்டவில்லை.

வீரையனின் பேரன் காயாரோகணம் காலை நடை முடிந்து திரும்பும்போது இதைக் கண்டார். எழுபது வயதைத் தாண்டியும் முதுகு வளையாமல் நடப்பவர் அவர். எவ்வளவு வெயிலாக இருந்தாலும் குடை பிடிக்க மாட்டார். போர்டார் வீட்டு ஆண்கள் குடைக்குள் நடந்தால், வருவது யார் என்று தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போகும் என்பது அவர் எண்ணம்.

மூட்டை தூக்கும் ஆட்கள் இருவர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர் பரிதி, கைப்பேசியில் சிலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்து ஓராண்டு ஆகாத பையன்.

"தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் காயாரோகணம்.

"இல்லீங்க ஐயா, எல்லாம் ஆச்சு."

"எங்க தாத்தா சிலை?"

பரிதி அரிசி ஆலை வாசலைத் திரும்பிப் பார்த்தான். அங்கே கோட்டும் தலைப்பாகையுமாக வெண்கல வீரையன் நின்றுகொண்டிருந்தார். வலக்கை, பக்கத்தில் நின்ற செம்மறிக் கிடாவின் தலைமேல் இருந்தது. கிடாவின் கொம்பில் யாரோ எலுமிச்சம்பழம் குத்தியிருந்தார்கள்.

"அதை சாமி கணக்குல வெச்சிருக்கோம் ஐயா. காவல் தெய்வம்னு போட்டிருக்கு. சாமியை மூடக்கூடாது."

"யார் சொன்னது சாமின்னு?"

"மீசை இருக்கு, தடி இருக்கு, ஆடு இருக்கு. போன வெள்ளிக்கிழமை ஒரு அம்மா சூடம் கொளுத்திட்டு இருந்தாங்க ஐயா, நானே பாத்தேன்."

எதிர்ச்சாரியில் உரக்கடை வைத்திருக்கும் இளவழகன் கல்லாவில் இருந்தபடியே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா அமிர்தகடேசம் பெரிய மிராசுதார். சுதந்திரத்துக்குப் பிறகு ஒருமுறை எம்.எல்.ஏ.வாகவும் இருந்தவர். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர் சிலை அப்போதுதான் பச்சைத் துணிக்குள் போயிருந்தது.

"விடுங்க போர்டாரே" என்றார் இளவழகன். "எங்க தாத்தா அரசியல்வாதி, ஊர் பயப்படுது, மூடிட்டாங்க. உங்க தாத்தா சாமி. பொங்கல் வெச்சுக் கும்பிடுங்க."

காயாரோகணம் வீட்டை நோக்கி நடந்தார். கடைத்தெருவில் நின்று உரக்கடைக்காரரோடு வாய் கொடுப்பது அந்த வீட்டு வழக்கமல்ல. ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அவர் காது சிவந்தே இருந்தது.

வீரையன் யார் என்று ஆலவயலில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதில்லை என்றுதான் அன்று காலைவரை காயாரோகணம் நம்பியிருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கால்நடைச் செல்வத்தோடு வந்தவர் வீரையன். ‘ஆடு மேய்த்தார்’ என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் பயன்படுத்துவதில்லை. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆட்டு மந்தையை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து மண் உரமாகும். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். அதற்குக் கூலியாக வயல்காரர்கள் நெல் அளப்பார்கள். அந்த நெல்லை மற்ற மேய்ச்சல்காரர்கள் தின்று தீர்த்துவிட்டு ஆடிக்குள் ஊர் திரும்பினார்கள். வீரையன் திரும்பவில்லை. நெல்லைச் சேர்த்து வைத்து, மழைக்காலத்தில் ஊரே அரிசி இல்லாமல் தவித்தபோது வெளியே எடுத்தார். ஊருக்கு நெல் கொடுத்த வள்ளல் என்று குடும்பத்தில் சொல்வார்கள். விலைக்குக் கொடுத்தார் என்பது வெறும் விவரம். பிறகு அரிசி ஆலை, பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஒரு பேருந்து, கடைசியில் ஜில்லா போர்டு தேர்தல். அந்தத் தேர்தலில் மிராசுதார் அமிர்தகடேசத்தைத் தோற்கடித்து மெம்பரானார். அன்றிலிருந்து அந்த வீடு போர்டார் வீடு.

சிலையில் ஆடு வந்தது ஒரு விபத்து. வீரையனுடைய புகைப்படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. மாட்டுச்சந்தைக் கண்காட்சியில் பரிசு வாங்கிய கிடாவின் தலையில் கை வைத்து நிற்கும் படம். சுவாமிமலையில் சிலை வார்க்கக் கொடுத்தபோது, ஆட்டை எடுத்துவிடச் சொன்னார் காயாரோகணம். ஸ்தபதி மெழுகில் ஆடு இல்லாமல் ஒரு மாதிரி செய்து காட்டினார். ஆடு போனதும் கை மட்டும் இடுப்புக்குக் கீழே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, சில்லறை கேட்பது போல் இருந்தது. போர்டார் வீட்டார் யாரிடமும் கை நீட்டியதில்லை. எனவே ஆடு திரும்ப வந்தது.

"மூடலன்னா நல்லதுதானே?" என்றாள் மனைவி எல்லையம்மாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "ரெண்டு மாசத்துக்கு மத்தவங்க மூஞ்சியெல்லாம் தெரியாது. தாத்தா மூஞ்சி மட்டும் தெரியும்."

"அரசியல்வாதிக்குத் தேர்தல் நேரத்துல மூஞ்சி தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன் அரசியல்வாதியே இல்லேன்னு அர்த்தம்."

"அப்ப சாமியாவே இருந்துட்டுப் போகட்டும். சாமின்னா பெருசு இல்லையா?"

"சாமிக்கு ஓட்டுப் போட்டு யாரும் மெம்பராக்கல. தாத்தா ஜெயிச்சு வந்தவர்."

எல்லையம்மாள் கீரைக்காம்பை ஒடித்தாள். "ஜெயிச்சது எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அந்தக் கேள்வி அந்த வீட்டில் கேட்கப்படுவதில்லை. காயாரோகணம் சட்டையை மாற்றிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.

தாசில்தார் நுஸைபா மேசையின் இரு பக்கமும் கோப்புகள் உயர்ந்து நிற்க நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலி ஒன்றில் ஏற்கெனவே இளவழகன் இருந்தார். தாத்தாவின் நினைவு நாள் நெருங்குவதால், மாலை போட ஒரு மணி நேரம் துணியை அவிழ்க்க அனுமதி கேட்டு வந்திருந்தார். காயாரோகணத்தைக் கண்டதும் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க ஐயா" என்றார் நுஸைபா.

"எங்க தாத்தா சிலையை மூடணும்மா."

நுஸைபா பேனாவைக் கீழே வைத்தார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அவிழ்க்கத்தான் கேட்டிருந்தார்கள். "சிலை எங்க இருக்கு?"

"எங்க ஆலை வாசல்ல. எங்க பட்டா இடம்."

"பட்டா இடத்துல இருக்கிறதை நாங்க தொட வேண்டியதில்லையே ஐயா."

"ரோட்டுல போற வாக்காளர் கண்ணு பட்டா இடத்துல விழாதாம்மா?"

அது நியாயமாகப் பட்டதால் நுஸைபா அடுத்த கேள்விக்குப் போனார். "அவர் எந்தக் கட்சி?"

"அந்தக் கட்சி இப்ப இல்ல."

"சின்னம்?"

"அப்பல்லாம் பெட்டி நிறம்தான். தாத்தாவுக்கு மஞ்சள் பெட்டி."

"கட்சியும் இல்ல, சின்னமும் இல்ல. அவரைப் பாத்து இன்னிக்கு யாராவது ஓட்டை மாத்திப் போடுவாங்களா? அப்படி ஒரு செல்வாக்கு இருந்தாத்தான் மூட முடியும்."

"எங்க தாத்தா நேர்மையானவர். பெருந்தன்மையானவர். தீர்க்கதரிசி."

"நல்ல குணத்தை மூடச் சொல்லி உத்தரவு எதுவும் வரலீங்க ஐயா."

பக்கத்து நாற்காலியில் இளவழகன் இருமினார். அது இருமல் அல்ல என்பது மூவருக்கும் தெரியும்.

"ஐயா, எனக்கு வேலை நிறைய இருக்கு" என்றார் நுஸைபா. குரலில் கோபம் இல்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வாக்காளர்களை அவர் எப்படிக் கவர்ந்தார்? அது தெரிஞ்சா நான் குறிச்சு மேல அனுப்பறேன். இல்லேன்னா சாமி கணக்குலயே இருக்கட்டும்."

காயாரோகணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். இப்போது இன்னும் கொஞ்சம். சொல்லாவிட்டால் தாத்தா எலுமிச்சம்பழத்தோடு ஆலை வாசலில் நிற்பார். சொன்னால், மூன்று தலைமுறையாக அந்த வீடு வாயைத் திறக்காமல் காத்த ஒன்று உரக்கடைக்காரன் காதில் விழும். சாமி என்ற சொல்லை நினைத்தார். இளவழகன் தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் காலத்துல எல்லாருக்கும் ஓட்டு கிடையாதும்மா. தீர்வை கட்டற வயல்காரங்களுக்குத்தான். தேர்தல் வந்தது கோடையில. வயலெல்லாம் சும்மா கிடந்தது. தாத்தாகிட்ட பெரிய மந்தை. ஓட்டு இருக்கிறவங்க வயலாப் பாத்து ராத்திரி கிடை போட்டார். கூலி வாங்கல."

"ஓசியில உரம்."

"ஆமா."

"யாருக்கு ஓட்டுன்னு சொல்லாதவங்க வயல்ல?"

"வரப்பு வரைக்கும் மந்தையை ஓட்டிட்டுப் போய் நிறுத்தினார். உள்ள விடல. வயல்காரர் வெளிய வந்து ஒரு வார்த்தை சொன்ன பிறகு விட்டார்."

நுஸைபா பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "வாக்காளருக்குப் பொருள் கொடுத்திருக்கார்."

"பொருள்னு சொல்ல முடியாதும்மா. புழுக்கை."

இளவழகனின் சிரிப்பு எப்போது நின்றது என்பதை யாரும் கவனிக்கவில்லை. "எங்க தாத்தா தோத்தது வெள்ளைக்காரக் கலெக்டரோட சதியாலன்னு சொல்லித்தான் எங்களை வளத்தாங்க" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

"கலெக்டருக்கு இதுல சம்பந்தமே இல்ல தம்பி" என்றார் காயாரோகணம். அவருக்கு அது குடும்ப மரியாதைப் பிரச்சினை. வெற்றியில் வெள்ளைக்காரனுக்குப் பங்கு கொடுக்க அவர் தயாராக இல்லை.

மறுநாள் காலை ஏணியோடு ஆட்கள் ஆலை வாசலுக்கு வந்தார்கள் என்று கேட்டதும் காயாரோகணம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. கொம்பிலிருந்து குளம்புவரை கிடாவைப் பச்சைத் துணியால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வீரையன் மீசையும் தலைப்பாகையுமாக அப்படியே நின்றார். அவர் கை இப்போது ஒரு பச்சை மூட்டையின் மேல் இருந்தது.

"என்ன தம்பி இது?"

"ஐயா சொன்னதைத்தான் குறிச்சு அனுப்பினோம்" என்றான் பரிதி. "வாக்காளரைக் கவர்ந்தது ஆடுன்னு ஆயிடுச்சு. ஆட்டை மூடச் சொல்லிட்டாங்க. தாத்தா மேல ஒண்ணும் இல்லேன்னு போட்டிருக்காங்க ஐயா. நல்ல பேருதானே?"

பத்து மணிக்குள் கடைத்தெரு நிறைந்துவிட்டது. பாபநாசத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்து பார்த்தார்கள். ஆடு எந்தக் கட்சி என்று டீக்கடையில் ஒருவர் கேட்க, அது ஜெயிக்கிற கட்சி என்று இன்னொருவர் சொன்னார். தேர்தல் முடிந்ததும் ஆட்டை அவிழ்க்கும்போது மேளம் வைக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி பேசிக்கொண்டது. காயாரோகணம் இவற்றையெல்லாம் ஆலை வாசலில் நின்றபடியே கேட்டார். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் ஓடி ஒளிந்தது போல் ஆகும். வெயில் ஏறியது. குடை கொடுத்து எல்லையம்மாள் ஆள் அனுப்பியும் அவர் வாங்கவில்லை.

சாயங்காலம் யாரும் எதிர்பாராதது நடந்தது. இளவழகன் போர்டார் வீட்டுப் படியேறி வந்தார். அந்தத் தேர்தலுக்குப் பிறகு அவர் வீட்டார் யாரும் இந்தப் படியை மிதித்ததில்லை. இவர்களும் அவர்கள் வீட்டுத் தண்ணீர் குடித்ததில்லை.

"உக்காருங்க" என்று எல்லையம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். "மூணு தலைமுறை கழிச்சு வந்திருக்கீங்க, நின்னுட்டே பேசினா எப்படி?"

இளவழகன் மோரைக் குடிக்கவில்லை, தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. "போர்டாரே, கடையில உக்கார முடியல. யூரியா வாங்க வந்தவன் கேக்கிறான், ஆட்டுப் புழுக்கைகிட்ட தோத்த வீட்டுல உரம் வாங்கினா விளையுமான்னு."

"நான் என்ன செய்ய முடியும்?"

"நீங்க சொன்னது பொய்யினு சொல்லிடுங்க. ஆடு கிடை எதுவும் இல்ல, நேர்மை, பெருந்தன்மை, அவ்வளவுதான்னு சொல்லிடுங்க."

"அதிகாரி முன்னால சொன்னதை மாத்தற வழக்கம் இந்த வீட்டுல இல்ல."

"நேத்து வரைக்கும் ஆடுன்னு சொல்ற வழக்கமும் இல்ல" என்றாள் எல்லையம்மாள்.

காயாரோகணம் அவளைப் பார்த்தார். அவள் பார்வையை இறக்கவில்லை.

இளவழகன் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தலையைத் தூக்கினார். "சரி, ஆடு இருந்தது. ஒத்துக்கிறேன். ஆனா ஆடு தானாவா போய் ஓட்டுக்காரன் வயல்ல படுத்துச்சு?"

"இல்ல. தாத்தா ஓட்டிட்டுப் போனார்."

"எவன் வயலுக்கு முதல்ல போகணும், எவனை வரப்புல நிக்க வெச்சுத் தவிக்க விடணும்னு ஆடா முடிவு பண்ணுச்சு?"

"தாத்தாதான்."

"எங்க தாத்தாவுக்கு நிலம் இருந்தது, சொந்தக்காரன் இருந்தான், வக்கீல் இருந்தான். அத்தனையும் வெச்சுக்கிட்டு, அவருக்கு இந்த யோசனை வரலியே? ராத்திரி தூங்கற வயல்காரனை எழுப்பி வரப்புக்கு வர வெக்கிற யோசனை? இதுக்குப் பேருதாங்க அரசியல். எங்க தாத்தா ஒரு பெரிய அரசியல்வாதிகிட்டதான் தோத்தார். ஆட்டுகிட்ட இல்ல."

இப்படி ஒரு பாராட்டு வீரையனுக்கு அவர் இறந்த நாளில்கூடக் கிடைத்ததில்லை. சொன்னது எதிரி வீடு. காயாரோகணம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். ஆனால் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"இதைத் தாசில்தார்கிட்ட சொல்லுவீங்களா?"

"அதுக்குத்தானே வந்தேன். நாளைக்குக் காலையில போகலாம்."

"மோரைக் குடிங்க" என்றார் காயாரோகணம். இளவழகன் குடித்தார்.

நுஸைபா இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து முழுக்க ஆடு விஷயமா போன் வந்துட்டே இருந்தது" என்றார். "இன்னிக்கு என்ன?"

"ஆட்டை அவிழ்த்துட்டு ஆளை மூடுங்க மேடம்" என்றார் இளவழகன்.

"அவர் உங்க தாத்தா இல்லையே."

"எங்க தாத்தாவைத் தோக்கடிச்சவர். அதனாலதான் நான் கேக்கறேன்."

"முந்தாநேத்து ஐயா சொன்னார், கவர்ந்தது ஆடுன்னு."

"அப்படிச் சொல்லலம்மா" என்றார் காயாரோகணம். "ஆடு உரம் போட்டதுன்னு சொன்னேன். யார் வயல்ல போடணும்னு ஆட்டுக்கு யார் சொன்னதுன்னு நீங்க கேக்கல."

நுஸைபா நெற்றியைத் தேய்த்தார். "சரி, இன்னிக்கும் அவருக்குச் செல்வாக்கு இருக்குன்னு எப்படி நம்பறது?"

இளவழகன் எழுந்து நின்றார். இந்த வார்த்தையைச் சொல்வதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "மேடம், இன்னிக்கும் அந்த மனுசன் பேரை யாராவது சொன்னா எங்க வீட்டுல சோறு இறங்காது. எங்க அப்பா சாகும்போதுகூட, அரிசி ஆலை சங்கு கேக்குதான்னு கேட்டுட்டுத்தான் செத்தார். ஆலையை மூடிப் பல வருசம் ஆச்சுன்னு சொன்ன பிறகுதான் நிம்மதியா கண்ணை மூடினார். இதைவிட செல்வாக்கு என்ன வேணும்?"

நுஸைபா பரிதியைக் கைப்பேசியில் கூப்பிட்டார். "சாமி கணக்குலேருந்து எடுத்துடுங்க. தலைவர்னு போடுங்க. ஆமா, ஆளைத்தான். ஆட்டையா? ஆடும் இருக்கட்டும், ரெண்டையும் சேர்த்தே மூடிடுங்க. இனி இது விஷயமா யாரும் இங்க வரக்கூடாது."

அன்று பிற்பகல் கடைத்தெருவில் ஏணி மறுபடி சாத்தப்பட்டது. ஒரு துணி போதவில்லை. தன் கடைப் பந்தலுக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பச்சைத் துணியை இளவழகனே எடுத்துவந்து கொடுத்தார். தலைப்பாகையிலிருந்து தொடங்கிச் சுற்றினார்கள். மீசை மறைந்தது, கோட்டு மறைந்தது, தடி மறைந்தது. "முகத்துல நல்லா இழுத்துக் கட்டுங்க, ஒரு இடுக்குல பாத்தாகூட அடையாளம் தெரிஞ்சிடும்" என்று கீழே நின்று இளவழகன் சொல்லிக்கொண்டிருந்தார். காயாரோகணம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி முடிச்சு விழுந்தபோது அவருக்கு, தாத்தா போர்டு மெம்பராகி முதல் கூட்டத்துக்குப் போன நாளில் வீட்டார் வாசலில் நின்றிருப்பார்களே, அப்படி இருந்தது.

கும்பகோணம் பேருந்து நின்றது. இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர், பெரிய பச்சை மூட்டையும் சின்னப் பச்சை மூட்டையும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாருங்க, இவ்வளவு பலமா மூடியிருக்காங்க?"

காயாரோகணம் வாய் திறப்பதற்குள் இளவழகன் முந்திக்கொண்டார். "பெரிய தலைவருங்க. எங்க தாத்தாவையே தேர்தல்ல தோக்கடிச்சவர்."

வெளியூர்க்காரர் மரியாதையாகத் தலையசைத்தார்.

"எத்தனை ஓட்டு வித்தியாசம்னும் சொல்லுங்க தம்பி" என்றார் காயாரோகணம்.